கை படாத படம்

எங்கள் கிளையில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் சென்ற வருஷம் தவணையில் ஒரு டிஜிட்டல் காமிரா வாங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் குளக்கரை, சந்தை, கோயில் மதில் என்று சுற்றிப் படமெடுத்து வந்து, திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டின்போது காட்டுவார். ஒரு நாள் கேட்டார்: "ஸார், எடுத்த படத்தை அப்படியே வெச்சுக்கறதா, இல்ல கம்ப்யூட்டர்ல போட்டுச் சரி பண்ணலாமா? பழகற காலத்துல படத்துல கை வைக்கக் கூடாதுன்னு சொல்றாங்களே?" புத்தகம் படிக்கிறவன் என்ற ஒரே தகுதியில் என்னிடம் வந்த கேள்வி. அப்போது ஏதோ சொல்லி மழுப்பினேன். மழுப்பியது பின்னால் உறுத்தியது. இந்தக் கட்டுரை அவருக்கு நான் தர வேண்டியிருந்த பதில்.

கேள்வியில் இருக்கும் "அப்படியே" என்ற சொல்லில்தான் சிக்கல். காமிரா தந்தது தூய்மையானது, மனிதனின் கை பட்டதும் அது கெட்டுவிடுகிறது என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. கவிதையில் இந்த நம்பிக்கை நமக்குப் பழக்கமானது. வந்தபடியே எழுதிவிட்டேன், ஒரு சொல்லையும் மாற்றவில்லை என்று பெருமையோடு கையெழுத்துப் பிரதியை நீட்டும் இளம் கவிஞர்களை எல்லாச் சிறுபத்திரிகைகளும் சந்தித்திருக்கின்றன. வந்தபடி வந்தது பெரும்பாலும் அவர்களுடையதாக இருப்பதில்லை. அதற்கு முன் அவர்கள் படித்த நாலைந்து கவிஞர்களுடையதாக இருக்கும். அடித்தும் திருத்தியும் எழுதும்போதுதான் சொந்தக் குரல் தலைகாட்டுகிறது. புகைப்படத்திலும் இப்படித்தானா என்பதை ஊகத்தால் அல்ல, அதன் சரித்திரத்தைக் கொண்டு பார்ப்பது நல்லது.

1838-ல் பாரிஸில் லூயி டாகேர் தன் ஜன்னலிலிருந்து புல்வார் து தாம்ப்ல் என்ற வீதியைப் படமெடுத்தார். வண்டிகளும் ஜனங்களும் நிறைந்த வீதி அது. படத்தில் வீதி வெறிச்சோடிக் கிடக்கிறது. ஒளி பதியப் பல நிமிஷங்கள் பிடித்ததால் நகர்ந்துகொண்டிருந்த எதுவும் தகட்டில் தங்கவில்லை. காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொள்வதற்காக ஓரிடத்தில் நின்ற ஒரு மனிதனின் உருவம் மட்டும் மூலையில் தங்கியது. அந்தப் படத்தில் யாரும் கை வைக்கவில்லை. ஆனாலும் ஒரு வீதியின் ஜனங்களை அழித்துவிட்ட படம் அது. அப்படியே எடுத்த படம் உண்மையைச் சொல்லும் என்பதற்கு எதிரான சாட்சி, இந்தக் கலை உலகத்துக்கு அறிவிக்கப்படுவதற்கு முந்திய வருஷமே உருவாகிவிட்டது.

நமக்கு நெருக்கமான உதாரணமும் ஒன்று உண்டு. லின்னேயஸ் டிரைப் கம்பெனிப் படையில் காப்டன். 1856 முதல் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரர். 1858-ல் அவர் ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றி, பெரிய அளவுக் காகித நெகடிவ்களில் கோயில்களையும் அரண்மனைகளையும் படமெடுத்தார். அந்தக் காலத்து ரசாயனம் நீல ஒளிக்கு மிகையாகவும் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் மிகக் குறைவாகவும் இணங்கும். அதனால் கோபுரத்தின் கல் சரியாகப் பதியும் நேரத்துக்குள் ஆகாயம் அளவு மீறிப் பதிந்து, பிரிண்டில் வெற்று வெள்ளையாகவோ திட்டுத் திட்டாகவோ வரும். டிரைப் நெகடிவின் மேல் தூரிகையால் வர்ணம் பூசி இதைச் சரிக்கட்டினார். அவருடைய படங்கள் சிலவற்றில் ஆகாயத்தில் மிதப்பவை தூரிகையில் பிறந்த மேகங்கள்.

அதே மனிதர் தஞ்சைப் பெரிய கோயிலில் இன்னொரு காரியமும் செய்தார். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாகப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரு சுருளாக்கினார். இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். கோபுரத்துக்குப் பின்னால் இல்லாத மேகம் ஒன்று மிதப்பதால் கோபுரத்துக்கு எதுவும் ஆகிவிடவில்லை. கல்வெட்டில் இல்லாத ஒரு கோட்டைத் தூரிகை இழுத்திருந்தால், ஒற்றைக் கொம்பு இரட்டைக் கொம்பாகியிருந்தால், 19 அடியும் வீண். கை படலாமா கூடாதா என்று பொதுவாகக் கேட்பதில் அர்த்தமில்லை என்று எனக்குத் தோன்றியது இங்கேதான். ஒவ்வொரு படமும் ஏதோ ஒன்றுக்குப் பொறுப்பேற்கிறது. எதற்கு என்று தெரிந்துகொண்டால் கை எங்கே நிற்க வேண்டும் என்பதும் தெரியும்.

ஸ்டூடியோக்களின் கதை வேறு. 1855-ல் பாரிஸ் பொருட்காட்சியில் மியூனிக் நகரத்து பிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டெங்கல் நெகடிவிலேயே திருத்திய உருவப்படங்களைக் காட்சிக்கு வைத்தார். கூரிய பென்சிலால் நெகடிவைத் தொட்டால் தொட்ட இடத்தின் அடர்த்தி கூடும். பிரிண்டில் அந்த இடம் வெளுக்கும். சுருக்கமும் அம்மைத் தழும்பும் இப்படி மறைந்தன. இதற்கு நியாயமான ஒரு காரணமும் இருந்தது. சிவப்பை அறியாத தகடுகள் முகத்தின் சிவந்த புள்ளிகளைக் கரும்புள்ளிகளாகக் காட்டின, மாநிறத்தைக் கறுப்பாக்கின. பென்சில் அந்தப் பிழையைத் திருத்தியது என்று சொல்லலாம். 1873-ல் ஹெர்மன் ஃபோகல் சாயம் சேர்த்துத் தகட்டை மற்ற நிறங்களுக்கும் இணங்க வைக்கும் வழியைக் கண்டுபிடித்தார். 1906-ல் சிவப்பு வரை பதிக்கும் தகடுகள் கடைக்கு வந்தன. ரசாயனம் திருந்திவிட்டது. ஆனால் பென்சில் தன் வேலையை நிறுத்தவில்லை. தகட்டின் குறையை நீக்க வந்த கருவி முகத்தின் குறையை நீக்கத் தொடங்கியிருந்தது. எது முகத்தின் குறை என்பதையும் அதுவே தீர்மானித்தது.

இதே காலத்தில் இங்கிலாந்தில் ஆஸ்கர் ரேலாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகடிவ்களை இணைத்து 1857-ல் "வாழ்க்கையின் இரு வழிகள்" என்ற ஒரே படத்தை உண்டாக்கினார். விக்டோரியா ராணி அதன் பிரதி ஒன்றை வாங்கினார். மறு வருஷம் ஹென்றி பீச் ராபின்ஸன் ஐந்து நெகடிவ்களைச் சேர்த்து, சாகக் கிடக்கும் ஒரு பெண்ணையும் அவளைச் சுற்றி நிற்கும் குடும்பத்தையும் ஜோடித்தார். ஓவியத்தைப் போல் இருந்தால்தான் கலை என்ற தாழ்வுணர்ச்சி இந்தப் படங்களில் தெரிகிறது. இதை எதிர்த்தவர் பீட்டர் ஹென்றி எமர்ஸன். 1889-ல் "இயற்கைவழிப் புகைப்படம்" என்ற நூலை எழுதி, ரீடச் செய்வது நல்ல புகைப்படத்தை மோசமான சித்திரமாக்கும் வேலை என்று சாடினார். இரண்டு வருஷத்துக்குள் தன் கட்சியைத் தானே கைவிட்டு, கறுப்புக் கரையிட்ட ஒரு பிரசுரத்தில் அதற்கு மரண அறிவிப்பும் எழுதினார். அவருடைய முடிவுகளை விட அவர் காட்டிய கோபம் இன்றும் மதிக்கத்தக்கது. கண்ணால் பார்க்கத் தெரியாதவன் கையால் சரிக்கட்டப் பார்க்கிறான் என்பது அந்தக் கோபத்தின் சாரம். பழகுகிறவனைப் பற்றிய இந்த எச்சரிக்கையை நான் ஒதுக்கவில்லை.

ஆனால் பழகுகிறவன் என்ற ஜாதி எப்போது பிறந்தது? 1888-ல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் கோடக் காமிராவை விற்கத் தொடங்கினார். விலை 25 டாலர். உள்ளே 100 படங்களுக்கான சுருள். எடுத்து முடித்ததும் காமிராவையே ராசெஸ்டருக்கு அனுப்பிவிட வேண்டும். 10 டாலருக்குக் கழுவி, பிரிண்ட் போட்டு, புதுச் சுருள் ஏற்றித் திருப்பி அனுப்புவார்கள். பொத்தானை அழுத்துவது உன் வேலை, மற்றதெல்லாம் எங்கள் வேலை என்பதுதான் விளம்பரத்தின் சாரம். அதுவரை படமெடுத்தவனே பெரும்பாலும் இருட்டறையிலும் நின்றான். 1888-க்குப் பின் எடுப்பவன் ஒருவன், ஆக்குபவன் ஒருவன் என்று லட்சக்கணக்கானவர்களுக்குப் பிரிந்துபோயிற்று. ஆரம்பக்காரன் படத்தில் கை வைக்கக் கூடாது என்ற அறிவுரைக்கு இங்கேதான் வேர் இருக்கிறது என்று நினைக்கிறேன். அறநெறி என்று இன்று நாம் மயங்குவது ஒரு வியாபார ஏற்பாடாக இருந்திருக்கிறது.

பெரியவர்கள் என்ன செய்தார்கள்? 1932-ல் ஸான் ஃபிரான்ஸிஸ்கோவில் எஃப் 64 குழு, ஓவியத்தைக் காப்பியடிக்கும் புகைப்படத்துக்கு எதிராகக் கொடி தூக்கியது. கூர்மை, தூய்மை என்பவை அதன் மந்திரங்கள். குழுவில் ஒருவரான ஆன்ஸல் ஆடம்ஸ் 1941 நவம்பர் 1 அன்று நியூ மெக்ஸிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரின் மேல் நிலா எழுவதைப் படமெடுத்தார். கல்லறைச் சிலுவைகளின் மேல் வெயில் நழுவிக்கொண்டிருந்தது, ஒளிமானி அகப்படவில்லை, நிலாவின் ஒளி அளவை மனக்கணக்காகப் போட்டு எடுத்தார். நெகடிவ் திருப்தியாக இல்லை. 1948-ல் அதன் கீழ்ப்பகுதியை மட்டும் ரசாயனத்தில் ஊற வைத்து அடர்த்தியாக்கினார். பிரிண்ட் போடும்போது ஆகாயத்துக்கு அதிக ஒளி காட்டிக் கறுப்பாக்கினார். வருஷங்கள் போகப் போக அந்த ஆகாயம் மேலும் கறுத்தது. பியானோ பயின்றவர் என்பதால் நெகடிவை எழுதி வைத்த இசைக்கும், பிரிண்டை அதன் கச்சேரிக்கும் ஒப்பிடுவார். ஸ்வரக் குறிப்பு ஒன்றுதான். பாடுகிறவரும் பாடும் பொழுதும் வேறு.

படத்தின் ஓரத்தைக்கூட வெட்டக் கூடாது என்ற கொள்கைக்குப் பெயர் போனவர் ஆன்ரி கார்த்தியே-ப்ரெஸ்ஸான். 1932-ல் ஸான் லஸார் ரயில் நிலையத்தின் பின்புறம் நீர்த்தேக்கத்தைத் தாண்டும் மனிதனை அவர் எடுத்த புகழ்பெற்ற படம் ஓரம் வெட்டப்பட்டதுதான், வேலிப்பலகை மறைத்துவிட்டது. தம் படங்களைப் பிரிண்ட் போடும் வேலையைக் கைதேர்ந்த பிறரிடம் விட்டார். யூஜின் ஸ்மித் 1954-ல் லைஃப் பத்திரிகைக்காக ஆல்பர்ட் ஷ்வைட்ஸரை எடுத்த கட்டுரையின் முதல் படத்தில், வேறு நெகடிவிலிருந்து ஒரு ரம்பக் கைப்பிடியும் ஒரு கையும் வந்து உட்கார்ந்தன. ஆடம்ஸ் செய்ததும் ஸ்மித் செய்ததும் எனக்கு ஒன்றாகத் தோன்றவில்லை. முன்னவர் நெகடிவில் இருந்ததைத் தூக்கியும் அடக்கியும் காட்டினார். பின்னவர் அங்கே இல்லாததைக் கொண்டுவந்து வைத்தார். சாட்சி சொல்ல வந்த படத்தில் அப்படி வைத்தார் என்பதுதான் உறுத்துகிறது. நிகோலாய் யெஷோவ் 1940-ல் சுட்டுக் கொல்லப்பட்ட பின், மாஸ்கோ கால்வாய்க் கரையில் ஸ்டாலினுக்குப் பக்கத்தில் நடந்த அவர் உருவமும் படத்திலிருந்து போய்விட்டது. அந்த இடத்தில் தண்ணீர் வந்தது. முகச்சுருக்கத்தை நீக்கிய கைத்தொழில்தான் அதையும் செய்தது.

கம்ப்யூட்டர் வந்தபோது இந்தக் கைத்தொழில் சுலபமாயிற்று, அவ்வளவுதான். 1982 பிப்ரவரி இதழுக்காக நேஷனல் ஜியாக்ரஃபிக் கீஸாவின் பிரமிடுகளை நகர்த்தியது. அகலவாட்டில் எடுத்த படம் உயரவாட்டு அட்டைக்குள் அடங்கவில்லை என்பது காரணம். 1990-ல் நோல் சகோதரர்களின் ஃபோட்டோஷாப் விற்பனைக்கு வந்தது. 1994-ல் டைம் பத்திரிகை, கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஓ. ஜே. சிம்ப்ஸனின் போலீஸ் படத்தை இன்னும் கறுப்பாக்கி அட்டையில் போட்டது. அதே வாரம் நியூஸ்வீக் அதே படத்தை மாற்றாமல் போட்டதால் இரண்டும் கடைகளில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. கறுப்பாக்கினால் குற்றவாளி என்ற தர்க்கம் எல்லோர் கண்ணிலும் பட்டது. வெளுக்க வைத்தால் அழகு என்ற தர்க்கம் இவ்வளவு சுலபமாகக் கண்ணில் படுவதில்லை.

சரி, டிஜிட்டல் காமிரா தருவதாவது கை படாததா? அதன் உள்ளே இருக்கும் சில்லுக்கு நிறம் தெரியாது. ஒளியின் அளவு மட்டுமே தெரியும். கோடக்கில் வேலை பார்த்த ப்ரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற ஏற்பாட்டின்படி, ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரு வண்ணக் கண்ணாடி இருக்கிறது. நான்கு புள்ளிக்கு இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். ஒரு புள்ளி ஒரு நிறத்தைத்தான் அளக்கிறது. மற்ற இரண்டையும் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் காமிரா கணக்கிடுகிறது. அதாவது படத்தின் வர்ணத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளந்தது அல்ல, அனுமானித்தது. அதற்கு மேல் எவ்வளவு பிரகாசம், எவ்வளவு கூர்மை, வெள்ளை எது என்று தீர்மானித்து, வேண்டாதது என்று தோன்றியதை எறிந்துவிட்டு, ஜேபெக் என்ற கோப்பாகச் சுருக்கிக் கொடுக்கிறது. இந்தத் தீர்மானங்களை எங்கோ ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் உட்கார்ந்து, நம் குளக்கரையைப் பார்த்தறியாத பொறியியல்காரர்கள் செய்திருக்கிறார்கள். 2015-ல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் வெளியாட்களான தன் படக்காரர்களிடம், காமிராவே ஆக்கிய ஜேபெக்கை மட்டும் அனுப்பச் சொன்னது. செய்திக்கு அது தேவையான கட்டுப்பாடாக இருக்கலாம். ஆனால் அங்கேயும் கை படாத படம் கிடைத்துவிடவில்லை. கை வைக்கும் அதிகாரம் யந்திரத்துக்குப் போயிற்று. 2023-ல் ஒருவர் நிலாவின் மங்கலாக்கிய படம் ஒன்றைத் திரையில் காட்டி அதை ஒரு ஸாம்சங் தொலைபேசியால் எடுத்தபோது, திரையில் இல்லாத பள்ளங்களும் மேடுகளும் படத்தில் வந்தன. அதை எடுத்தவர் எந்தப் பொத்தானாலும் எதையும் திருத்தவில்லை.

இதை அழகியல் பிரச்னையாக மட்டும் என்னால் பார்க்க முடியாததற்கு என் உத்தியோகம் காரணம். முதியோர் உதவித்தொகைக்காகக் கணக்கு ஆரம்பிக்க ஓர் அம்மாள் வந்தார். கொண்டுவந்திருந்த இரண்டு பாஸ்போர்ட் அளவுப் படங்களில் சுருக்கமில்லாத வெளுத்த முகம். தாடையில் இருந்த பெரிய மச்சம் படத்தில் இல்லை. எதிரில் உட்கார்ந்திருந்தவர் நல்ல கறுப்பு. எழுபது வயதின் ரேகைகள் அத்தனையும் முகத்தில் இருந்தன. வேறு படம் வேண்டும் என்றேன். "ஏன் தம்பி, காசு குடுத்துத்தானே எடுத்தேன்?" என்றார். "இதுல நீங்க இல்லையேம்மா" என்றேன். படத்தை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நானும் அதான் நெனச்சேன். அவங்களுக்குத் தெரியும்னு விட்டுட்டேன்" என்றார். அந்த ஸ்டூடியோக்காரர் கெட்டவர் அல்ல. ஒரு பொத்தானை எல்லா முகங்களுக்கும் பொதுவாக அழுத்துகிறார். வர்ணப் பிரிண்டுகளைச் சரிபார்க்கக் கோடக் பல வருஷங்கள் ஆய்வகங்களுக்கு அனுப்பிய அட்டையில் இருந்தவள் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவள் தோலுக்குச் சரி என்றால் உலகத்துக்கே சரி. அந்த அட்டையின் வாரிசாக இந்தப் பொத்தானைப் பார்க்கிறேன்.

அப்படியானால் திருத்துவதற்கு நேர்மையான வழியே இல்லையா? நம் மொழியில் அதற்கு மாதிரி இருக்கிறது. பதிப்பு என்று அதற்குப் பெயர். உ. வே. சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியையும் 1894-ல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது ஏட்டை "அப்படியே" அச்சிடவில்லை. அப்படியே அச்சிட்டிருந்தால் யாரும் படித்திருக்க முடியாது. புள்ளியில்லாத எழுத்துக்குப் புள்ளி வைத்தார், சேர்ந்து கிடந்ததைப் பிரித்தார். ஆனால் ஏடுகள் மாறுபட்ட இடத்தில் பாடபேதம் காட்டினார். புறநானூற்றில் அடிகள் சிதைந்த இடங்கள் சிதைந்தபடியே நிற்கின்றன. அவருக்கிருந்த புலமைக்கு அந்த இடங்களைச் சொந்தமாக எழுதி நிரப்புவது பெரிய காரியமல்ல. நிரப்பியிருந்தால் இன்று நம்மிடம் இருப்பது வேறு ஏதோ ஒன்று. இருப்பதைத் தெரியும்படி செய்வது ஒன்று. இல்லாததை இட்டு நிரப்புவது வேறொன்று. முதலாவதைச் செய்யாத பதிப்பாசிரியன் சோம்பேறி. இரண்டாவதைச் செய்கிறவன் ஏட்டுக்குத் துரோகி.

அந்த இளைஞருக்கு நான் இப்போது சொல்வது இதுதான். திருத்துங்கள். பழகும் காலத்திலேயே திருத்துங்கள். திருத்தாவிட்டால் வேறொருவர் திருத்தியதை உங்களுடையது என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். ஆனால் மூலக் கோப்பை அழிக்காதீர்கள். அதுதான் உங்கள் ஏடு. எடுத்த அன்றே திருத்த உட்காராதீர்கள். என்ன பார்த்தீர்கள், எதற்காக நின்றீர்கள் என்று முதலில் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். எமர்ஸனின் கோபத்துக்குப் பயந்தாவது, மோசமாக எடுத்ததைக் கம்ப்யூட்டரில் காப்பாற்றும் பழக்கத்தை விட்டு, மறுபடி போய் எடுங்கள். சாட்சி சொல்லும் படத்தில் சேர்க்கவும் வேண்டாம், நீக்கவும் வேண்டாம். இன்னொருவர் முகத்தின் நிறம் உங்களுடையது அல்ல. அதைக் கேட்காமல் மாற்றாதீர்கள்.

சென்ற மாதம் அவர் ஒரு படத்தோடு வந்தார். மாலை வெயிலில் குளத்துப் படியில் துணி துவைக்கும் ஒரு பெண். பின்னால் மண்டபம் முழுக் கறுப்பாக இருந்தது. காமிரா ஆக்கித் தந்த படம் அது. சுருக்காத மூலக் கோப்பும் இருந்ததால் அதைத் திறந்து, நிழலை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினார். மண்டபத்தின் தூண்கள் வந்தன. இரண்டாம் தூணுக்குக் கீழே, முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு சிறுவன் உட்கார்ந்திருந்தான். எடுத்தபோது அவன் அங்கிருந்தது இவருக்கே தெரியாது. "இவனை நாம சேர்க்கலயே ஸார்" என்றார். சேர்க்கவில்லை. அவன் அங்கேதான் இருந்தான்.